எங்க வீட்டுக்காரக மீனு கொண்டாந்திருக்காக

பூமிநாதனுக்கு வாய்த்த குரல் சாமானியக் குரல் இல்லை. நாச்சியாபுரம் முக்கில் பைக்கை நிறுத்தி, “மீனேய்ய்ய்” என்று ஒரு இழுப்பு இழுத்தாரென்றால் அடுத்த தெருவில் குளித்துக்கொண்டிருப்பவர்கூட அவசர அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வருவார். இதில் பொய் கலந்திருப்பதாக நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போய் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு அதுதான் பிழைப்பு. காரைக்குடி மார்க்கெட்டில் காலையிலேயே மீன் எடுத்து, வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, ஐஸ் போட்ட பெட்டியைப் பைக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஏழு ஊர் சுற்றி மூன்று மணிக்குத் திரும்புவார். அந்த ஏழு ஊரிலும் புளியைக் கரைத்து வைத்துவிட்டு அவர் சத்தத்துக்காகக் காத்திருந்த வீடுகள் உண்டு. பைக் தொண்ணூற்றெட்டு மாடல். அதற்கு வயது ஏற ஏற இருமல் வந்தது. இவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது.

மதுரையில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் சத்தம் திரும்புமென்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆனது. மிச்சமிருந்தது வெறும் காற்று. பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால்தான் அவர் பேசுவது கேட்கும்.

கோயம்புத்தூரிலிருந்து மகன் முத்தரசு போனில் சொன்னான். “அப்பா, பேசாம ரெண்டு பேரும் இங்க வந்து உக்காருங்கப்பா.”

பிள்ளை பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த ‘உக்காருங்க’ பூமிநாதனுக்கு முள்ளாகக் குத்தியது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது, போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஒரு மாதம் பழையபடி ஏழு ஊர் லைன் போய்ப் பார்ப்பது, ஓடவில்லை என்றால் வண்டியை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிடுவது என்று மனைவி பொன்னுத்தாயி வழியாக மகனுக்குத் தாக்கல் சொன்னார்.

ஆனால் சத்தமில்லாமல் எப்படி மீன் விற்பது? ஹாரன் அடித்துப் பார்த்தார். ஹாரன் அடிக்காத வண்டி எது, ஒரு கதவும் திறக்கவில்லை. மணி வாங்கி ஆட்டிப் பார்த்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஐஸ் வண்டி என்று கையில் காசோடு ஓடி வந்து, பெட்டிக்குள் நெத்திலியைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். பத்து நாளில் பாதி மீன் வீட்டுக்கே திரும்பி வந்தது. பொன்னுத்தாயி அதைக் குழம்பு வைத்தாள், வறுத்தாள், அக்கம்பக்கம் கொடுத்தாள். பதினோராம் நாள் புருஷனைப் பைக்கோடு திருப்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் அகல்யாவின் கடை முன்னால் நிறுத்தினாள்.

இளவட்டங்களின் பைக்கில் ஸ்பீக்கர் மாட்டி ஊர்க் காதைச் செவிடாக்குவதில் அகல்யா கெட்டிக்காரி. ஐ.டி.ஐ. படித்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். பூமிநாதனின் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சாவியைப் போட்டு ஹாரனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

“அய்யா, ஒங்க வண்டி பேட்டரிக்கு ஹாரன் அடிக்கவே மூச்சு வாங்குது. இதுல ஸ்பீக்கரையும் குடுத்தா பாதி வழியில படுத்துரும். ஸ்பீக்கருக்குத் தனி பேட்டரி வச்சுருவோம். வீட்டுக்குப் போயி நீங்களே சார்ஜ் போட்டுக்கிடுங்க.”

பூமிநாதன் தலையாட்டினார்.

“பாட்டுக் கேக்குற ஸ்பீக்கர் ஒங்களுக்கு ஆகாது. கோயில்ல கட்டுவாகள்ல, அந்தக் குழாய் ஸ்பீக்கர்தேன். சின்னதா ஒண்ணு கெடக்கு. காட்டுல போட்டா வீட்டுல கேக்கும்.”

அன்று பகல் முழுக்க அவள் வேறு வேலை தொடவில்லை. மீன் தண்ணீர் உப்புத் தண்ணீர், ஒயரில் பட்டால் இரண்டே மாதத்தில் அரித்துவிடும் என்று ஒயரை டியூபுக்குள் விட்டுப் பெட்டிக்கு எதிர்ப்பக்கமாகவே கொண்டு போனாள். பழைய வண்டி உதறுகிற உதறலுக்கு நட்டு கழன்றுவிடாமல் குழாய்க்கு அடியில் டயர் ரப்பரை வெட்டி வைத்தாள். செல்போனில் போடுகிற சத்தம் ஒயரில்லாமலே குழாயில் வரும்படி செய்து, இடது கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் சுவிட்சும் வைத்துக் கொடுத்தாள். பூமிநாதன் நன்றி சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். “அட, என்னங்கய்யா நீங்க!” என்று அவள் பதறிப்போனாள்.

அவள் செய்ததில் ஒரே ஒரு கோளாறுதான். போனில் எவரோ பேசி வைத்த ரெடிமேட் அறிவிப்பு ஒன்றை ஏற்றிவிட்டிருந்தாள். “அன்பார்ந்த தாய்மார்களே…” என்று ஒரு பெண்குரல் நிறுத்தி நிதானமாக, மிகுந்த மரியாதையாக ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்தில் அப்படிக் குழாய் கட்டிய வண்டி நிதானமாகப் பேசிக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதல் தெருவிலேயே ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். “அய்யய்யோ, யாருங்க தவறிட்டாக?”

பெட்டிக்குள் இருக்கிற சங்கரா மீன்தான் தவறியது என்று சொல்லவும் பாவி மனுஷனுக்குக் குரலில்லை.

இதை அவர் காற்றாகச் சொல்லச் சொல்ல, போனில் அகல்யா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அக்காகிட்டக் குடுங்க” என்றாள். “அக்கா, நீங்களே பேசி ரெக்கார்டு பண்ணுங்க. ‘பூமிநாதன் மீன் வண்டி வந்திருக்கு’ன்னு பேரைச் சொல்லிப் பேசுங்க.”

“நல்லா இருக்கே கூத்து! அவுக பேரை நான் எப்புடிச் சொல்லுவேன்?”

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் பொன்னுத்தாயி அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத் திருப்பிக் காட்டுகிறவள், ஏழு ஊர் கேட்கக் குழாயிலா சொல்லுவாள்? ஆனால் சும்மா இருந்தால் கோயம்புத்தூர்தான். மறுநாள் காலையில் மீன் பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துச் சொன்னாள்.

“ஏ தாயிகளா, எங்க வீட்டுக்காரக மீனு கொண்டாந்திருக்காக. சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு. எல்லாம் பச்சை மீனு. சட்டியத் தூக்கிட்டு வாங்க!”

ஒரு தெருவுக்கு மூன்று தடவை “எங்க வீட்டுக்காரக” என்று குழாய் முழங்கினால் எப்படி இருக்கும்! பெண்கள் சிரித்துக்கொண்டே சட்டியோடு வந்தார்கள். “ஏண்டி, யாரு வீட்டுக்காரகடி வந்திருக்காக?” என்று ஒருத்தி கேட்க, “எனக்கு ஒருத்தரே போதுமப்பா” என்றாள் இன்னொருத்தி. பூமிநாதனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் பெட்டி காலி. அன்றாடம் மீன் மாறுமே, அதனால் அன்றாடம் காலையில் பொன்னுத்தாயி புதிதாகப் பேசிக் கொடுத்தாள். வண்டிக்கே ‘வீட்டுக்காரக வண்டி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பேசி முடித்தவள் ரெக்கார்டை நிறுத்த மறந்துவிட்டாள். குழாய் சொன்னது:

“…சட்டியத் தூக்கிட்டு வாங்க! ஏங்க, மத்தியான மாத்திரையச் சட்டைப் பையில வச்சிருக்கேன். நேத்து மாதிரி அப்புடியே திருப்பிக் கொண்டாந்தீக, எனக்குக் கெட்ட கோவம் வரும் பாத்துக்கிடுங்க. தண்ணியக் குடிச்சு மாத்திரையப் போடுங்க. கேக்குதா?”

பூமிநாதன் வெலவெலத்துப் போனார். புருஷன் மானம் குழாய் ஏறிப் போகிறது! சுவிட்சை அமுக்கினால் வியாபாரம் நின்றுபோகும், அமுக்காவிட்டால் மறுபடி மாத்திரை. அமுக்காமலே ஓட்டினார். நாச்சியாபுரத்தில் ஒரு பெண் மீனை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து சொம்பில் தண்ணீர் வந்தது. “மொதல்ல மாத்திரையப் போடுங்கண்ணே. அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?” சுற்றி நின்ற நான்கு பேரும் அவர் விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்கள். சிரித்துக்கொண்டே விழுங்கியவருக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் போனவனுக்குத் தெருவில் என்ன மரியாதை இருக்கப்போகிறது என்று அதுவரை நினைத்திருந்த மனுஷன்.

ஆனாலும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மறுநாள் பொன்னுத்தாயி பேசி முடித்ததும் போனை வெடுக்கென்று பிடுங்கி அவரே நிறுத்தினார். மீனோடு நின்றது அறிவிப்பு.

அன்று ஐந்தாவது ஊரில், கடைசி வீட்டு வாசலில் மலையம்மாள் கையை நீட்டி வண்டியை மறித்தாள். எழுபதைத் தாண்டியவள். கவுச்சியை விட்டுப் பத்து வருஷமாகிறது. பூமிநாதனிடம் ஒரு மீன் வாங்கியதில்லை.

“தம்பி, இன்னைக்கி அந்த மாத்திரைப் பேச்சைக் காணோமே?”

அவர் விழித்தார்.

“நேத்து ஒங்க வீட்டுப் புள்ள ‘மாத்திரையப் போடுங்க, கேக்குதா’ன்னுச்சு. என்னையத்தேன் சொல்லுதுன்னு, ‘கேக்குது தாயி’ன்னு உள்ள போயிப் போட்டுக்கிட்டேன்.” அவளே சிரித்துக்கொண்டாள். “பிரசர் மாத்திரை. போட்டமா போடலயான்னு தெனமும் ஒரே கொழப்பம். மகன் வெளிநாட்டுல. ஞாயித்துக்கெழம பேசுவான். சாப்டியாம்பான், வச்சிருவான். அவனைக் குத்தம் சொல்லல. மாத்திரை போட்டியான்னு கேக்கத்தேன் ஆளில்ல. அந்தச் சத்தத்தை நிப்பாட்டிராதீக தம்பி.”

பூமிநாதன் அவளருகில் போய்க் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுத்தாயியை உட்கார வைத்து, மூச்சு வாங்க வாங்க ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்தவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனாள். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, “தம்பி, அப்பாவுக்கு இங்க வேல கெடக்கு, வர்றதுக்கில்ல” என்று முத்தரசுவிடம் அவள் சொல்வது பூமிநாதனுக்குக் கேட்டது. அவளை, அகல்யாவை, சொம்புத் தண்ணீர் கொடுத்தவளை, ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டார். பழைய குரல் இருந்திருந்தால் இத்தனை பேர் தனக்கு இருப்பது தெரியாமலே போயிருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் ஐந்தாவது ஊரில் நுழைந்ததும் இடது கட்டைவிரலால் சுவிட்சைத் தட்டினார். சங்கரா, நெத்திலி எல்லாம் சொல்லி முடித்துப் பொன்னுத்தாயியின் குரல் கொஞ்சம் நின்றது. பிறகு ஊர் முழுக்கக் கேட்டது.

“மலையம்மா அக்கா, மாத்திரையப் போட்டாச்சா?”

கடைசி வீட்டுக்குள்ளிருந்து, குழாய்க்குச் சமமான சத்தத்தில் பதில் வந்தது.

“இந்தாப் போடுறேன் தாயி!”