செத்தவர் மலை சுற்றும் மேசை

எங்கள் கூட்டத்தில் சாப்பாடு சரியாக ஒன்றேகால் மணிக்கு வரும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். அதைப் பற்றி இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர் உண்டு, அவரும் சொல்லவில்லை.

என்ன கூட்டம் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சேர்ந்து கதை கட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, கொள்ளைக்காரன் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவை உடைக்கிறேன், ஓடிப்போய் ஒளிகிறேன் என்பார்கள். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். சென்னையில் படிக்கும்போது எனக்குப் பழக்கமானது. ஊர் திரும்பி வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக உட்கார்ந்த பிறகு ஆட ஆள் கிடைக்கவில்லை. கொரோனா முடிந்த மறு ஆண்டு, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் ஒட்டாத ஒரு ஞாயிறாகப் பார்த்து, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்து, ஆண்டுக்கு ஒருநாள் என்று இதை ஆரம்பித்தேன். நோட்டீஸில் ‘ஏற்பாட்டுக் குழு’ என்று போட்டிருந்தேன். குழு என்றால் நான்தான்.

முதல் ஆண்டு மூன்று மேசை. மின்விசிறி சத்தத்தில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரு சீட்டு கொடுத்தேன். இன்று உங்களுக்குப் பிடித்தது என்ன, அடுத்த முறை மாற்ற வேண்டியது என்ன என்று இரண்டே கேள்வி. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்துக்கொண்டேன். என் மேசையில் ஆடிய ஒருவர், பிடித்தது என்ன என்ற கேள்விக்கு, ‘சார் நல்லா படிக்கிறார்’ என்று எழுதியிருந்தார். நான் கதையைப் புத்தகத்தைப் பார்த்துப் படித்துத்தான் நடத்துவேன். பாராட்டு என்றே அதை எடுத்துக்கொண்டேன். அது பாராட்டு இல்லை என்று உறைக்க எனக்கு ஓராண்டு ஆனது.

அந்த முதல் ஆண்டில்தான் அந்தப் பெண்மணி வந்தார். கீழ்பென்னாத்தூரில் ஒரு ரேஷன் கடையில் எடை போடுகிறவர். நாற்பதை ஒட்டிய வயது. அக்கா மகளுக்குத் துணையாக வந்திருந்தார். அந்தப் பெண் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் செல்போனை எடுத்துக்கொண்டாள். இவர் அவளுடைய பகடையை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் என்னிடம் வந்து, “அடுத்த வருஷம் நானே ஒரு மேசை நடத்தலாமா சார்?” என்றார். ஆள் குறைவாக இருந்ததால் சரி என்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை.

இரண்டாம் ஆண்டு அவர் மேசையில் ஆறு நாற்காலியும் நிரம்பி, பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் புத்தகம் கிடையாது. பகடையை உருட்டிவிட்டுத் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்ப்பார், பிறகு சொல்வார். அவருடைய மேசையில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய பாத்திரமாவது செத்துப்போனால் ‘செத்துட்டான்’ என்று சொல்ல மாட்டார். “மலை சுத்தப் போயிட்டாரு” என்பார். அந்த ஆள் எழுந்துவிட வேண்டும். மேசைதான் மலை. வலது கை மேசைப் பக்கம் இருக்க, ஒவ்வொரு சுற்று ஆட்டத்துக்கும் ஒரு நாற்காலி தூரம் நகர வேண்டும். நகர்ந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் ஒரே ஒரு யோசனை சொல்லலாம். முழுதாகச் சுற்றித் தன் நாற்காலிக்குத் திரும்பியதும் புதிதாக ஒரு பாத்திரமாகக் கதைக்குள் வந்துவிடலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. இவராக வைத்தது.

அதனால் அந்த மேசையை விட்டு யாரும் போகவே இல்லை. மற்ற மேசைகளில் செத்தவர்கள் வராந்தாவில் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மேசை பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. என்னிடம் ஆடியவர்கள் போய் அவர் மேசைக்குப் பின்னால் நின்றார்கள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் கேன் எத்தனை இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பொறாமைதான். வேறு நாகரிகமான பேர் அதற்குக் கிடையாது.

எனக்கு ஒரு பிடி கொடுத்தவர் பிரியாணி பாய். சமையல் ஆர்டர் அவருடையது. ஒன்றேகாலுக்குத் தம் உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த மேசை எழுந்தது இரண்டரைக்கு. “இன்னா சார் இது? தம் ஒடச்சா உடனே துன்னணும். ஆறிப்போச்சுனா மசாலா கம்மினு என்னத்தான் சொல்வாங்க” என்று என்னிடம் கத்தினார். நியாயமான கோபம். சீட்டுகளிலும் நாலைந்து பேர் ‘சாப்பாடு லேட்’ என்று எழுதியிருந்தார்கள். அதே சீட்டுகளில் மேல் கேள்விக்குப் பதிலாக ‘ரேஷன் கடை அக்கா டேபிள்’ என்று எழுதியிருந்தார்கள். நான் கீழ்ப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டுக்கு இரண்டு மாதம் முன்பே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். சுற்றறிக்கை எழுதுவதில் எனக்குப் பதினைந்து ஆண்டு அனுபவம். காலை பத்துக்கு ஆட்டம் தொடங்கும், ஒன்றேகாலுக்கு மணி அடிக்கும், அடித்ததும் ஆட்டம் நிற்கும். மணி அடிக்கும்வரை யாரும் மேசையை விட்டு எழக் கூடாது, செத்தவர்களும் சேர்த்து. பாத்திரம் இறந்தால் இறந்ததுதான், மறு நுழைவு இல்லை. கதை நடத்த விரும்புகிறவர்கள் கதையை ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். எந்த விதியிலும் அவர் பெயர் இல்லை. எல்லா விதியும் அவருக்காக எழுதியது. அலுவலகத்தில் ஒருவரைத் தூக்க வேண்டுமென்றால் இப்படித்தான் செய்வோம்.

அவர் இரண்டு நீள நோட்டு நிறைய எழுதி, பஸ் ஏறி வந்து, அலுவலகத்திலேயே என்னிடம் கொடுத்தார். ஓர் ஊரில் எடைக்கல் திருட்டுப்போய்விடுகிறது. அன்றிலிருந்து அந்த ஊரில் எதற்கும் எடை தெரிவதில்லை. பாரம் தெரியாமல் வண்டி கவிழ்கிறது. தாலியை விற்க வந்தவள் தவிட்டு விலை வாங்கிக்கொண்டு போகிறாள். கல்லைத் தேடிப் புறப்படுகிறவர்கள்தான் ஆடுகிறவர்கள். நோட்டை ஒரே மூச்சில் படித்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இப்படி ஒரு கதை என் பிறவிக்கும் எனக்கு வராது என்று தெரிந்தது. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பக்கத்தில், ‘நீளம் அதிகம். குறித்த நேரத்தில் முடியாது. ஒப்புதல் இல்லை’ என்று எழுதினேன்.

நோட்டைத் திரும்ப வாங்க வந்தவர் அந்த வரியை நின்றபடியே படித்தார்.

“கொறச்சிக் குடுக்கட்டா சார்?”

“தேதி முடிஞ்சிடுச்சுங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“கடையில காலையிலேர்ந்து எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க. அரிசி கம்மி, சக்கர கம்மி, கல்லு ஜாஸ்தினு. பில்லு போடுறவர ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சார் நான் பேசுறத பத்து பேரு வாய மூடிக்கினு கேக்குறாங்க” என்றார். அழவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

“புரியுதுங்க” என்றேன். புரிந்துதான் இருந்தது.

“சும்மா ஆட மட்டும் வரலாமா?”

“தாராளமா வாங்க.”

வந்தார். யார் எந்த மேசை என்று பட்டியல் போட்டவன் நான். அவரை என் மேசையில் போட்டேன். ஒரு மேசையை எப்படி நடத்துவது என்று உட்கார்ந்து பார்க்கட்டும் என்பது என் எண்ணம். போன ஆண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களில் மூன்று பேர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் உட்பட, தாங்களும் என் மேசைக்கே வருகிறோம் என்று கேட்டு வந்தார்கள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் ஓர் ஓடக்காரியாக ஆடினார். கதையில் ஒரு குகை வாசல், அதில் ஈட்டியோடு ஒரு காவலாள். புத்தகத்தின்படி அவனோடு சண்டை போட வேண்டும். இவர், “காலையில இன்னா சாப்ட்டப்பா?” என்று அவனைக் கேட்டார். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் தடுமாறி, “கூழு” என்றேன். “வெறுங் கூழா? தொட்டுக்க ஒண்ணும் இல்லியா? உள்ள இருக்கிறவன் இன்னா துன்றான்?” என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. என் மேசையில் யாரும் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்லூரிப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு நிமிடம் எனக்கே அந்தக் குகைக்குள் போக ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கதை நடத்துபவருக்கு முன்னால் ஒரு தடுப்பு அட்டை இருக்கும். அதற்குப் பின்னால் அவர் உருட்டும் பகடையை மற்றவர்கள் பார்க்க முடியாது. அவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். குகைக்குள் மேலேயிருந்து ஒரு பாறை விழுகிறது, அது ஓடக்காரி மேல் விழுகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லி உருட்டினேன். நாலு விழுந்தது. பாறை விழ வேண்டுமென்றால் பதினைந்துக்கு மேல் வேண்டும்.

“பத்தொம்பது” என்றேன். “ஓடக்காரி செத்துட்டா.”

மணி பத்து நாற்பது.

மேசையில் சிரிப்பு நின்றது. அவர் மட்டும் சிரித்த முகம் மாறாமல் எழுந்தார். பழக்கதோஷம். வலது கையை மேசை விளிம்பில் வைத்து, பக்கத்து நாற்காலிக்கு ஓர் எட்டு வைத்தார். “அக்கா மலை சுத்தப் போயிட்டாங்க” என்று கல்லூரிப் பெண் சொல்லி, யோசனை கேட்கக் காதைச் சாய்த்தாள்.

“உக்காருங்க” என்றேன். “அதெல்லாம் இங்க கிடையாது. செத்தா செத்ததுதான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தடுப்பு அட்டையைப் பார்த்தார். நாள் முழுக்க எடை போடுகிறவர், பொய் எடை தெரியாமலா இருக்கும்? கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி அடிக்கும்வரை யாரும் எழக் கூடாது என்ற விதியையும் அவர் படித்திருந்தார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் மடியில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை மேசைக்கடியில் உருண்டுபோன யாருடைய பகடையையோ குனிந்து எடுத்துக் கொடுத்தார். நான் சத்தமாகப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே படித்தேன்.

ஒன்றேகாலுக்கு மணி அடித்தேன். பாய் தம் உடைத்தார். பிரியாணியில் ஆவி பறந்தது. எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். “இப்பதான் சார் ஒழுங்கா நடக்குது” என்று பாய் என் தோளைத் தட்டினார்.

சாயங்காலம் சீட்டுகளை வாங்கினேன். அவருடையதை வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல் மண்டப வாசலிலேயே பிரித்தேன். பொய் உருட்டினார் என்று எழுதியிருப்பார், சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். பிடித்தது என்ன என்ற கேள்விக்கு, அந்த நோட்டுகளில் இருந்த அதே குண்டு எழுத்தில், ‘சாப்பாடு நேரத்துக்கு வந்தது’ என்று எழுதியிருந்தார். மாற்ற வேண்டியது என்ன என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

நான்காம் ஆண்டு அவர் வரவில்லை. கல்லூரிப் பெண்ணும் வரவில்லை, இரண்டாம் ஆண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களில் யாரும் வரவில்லை. மொத்தம் இரண்டு மேசை. தாழ்ப்பாள் போட்டாயிற்று, மின்விசிறி மாற்றியாயிற்று, எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பன்னிரண்டு மணிக்கே இரண்டு மேசையிலும் கதை முடிந்துவிட்டது. விதிப்படி ஒன்றேகால்வரை எல்லோரும் உட்கார்ந்தே இருந்தோம்.

பாய் இலை போட்டுக்கொண்டே கூடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒரு ரேஷன் கடையம்மா வருவாங்களே, அவங்க எங்க சார்?”

“மலை சுத்தப் போயிட்டாங்க பாய்” என்று என் வாயில் வந்துவிட்டது. நானாக நினைத்துச் சொல்லவில்லை.

“இந்த வெயில்லயா? பசியோட வருவாங்க. ஒரு பார்சல் எடுத்து வெச்சிடட்டுமா?”

“வேணாம் பாய்” என்றேன். “வர மாட்டாங்க.”