பாகம் பிரித்த கரை

எங்கள் புஞ்சைக்குள் ஒரு குட்டை இருக்கிறது. அரசாங்கக் கண்மாய் இல்லை. பட்டா நிலத்தில் பாட்டன் போட்ட மண் கரை. பாகப்பிரிவினையின்போது நிலத்தோடு கரையின் நீளத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தோம். தெற்குப் பாதி எனக்கு. வடக்குப் பாதியும், மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கும் என் சித்தப்பா மகனுக்கு. தண்ணீருக்கு மட்டும் யாரும் இந்தச் சங்கதியைச் சொல்லவில்லை. திருச்சுழிப் பக்கம் குட்டை நிறைவதே அபூர்வம், அதனால் சொல்ல அவசியமும் வரவில்லை.

போன ஐப்பசியில் வந்தது. விடாமல் பெய்த மழையில் குட்டை கழுத்துவரை நிறைந்தது. காலையில் போய்ப் பார்த்தால், என் பாதியில், கரையின் அடியில், தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். அதன் நடுவில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழே ஓர் அக்காவின் வீடு, ஆட்டுக்கொட்டில், மிளகாய்த் தோட்டம். கரை போனால் அத்தனையும் போகும்.

விவரமானவன் மண்வெட்டியை எடுத்திருப்பான். நான் வீட்டுக்கு ஓடித் தலையணையை எடுத்து வந்தேன். அதிலும் ஓர் அணை இருக்கிறதே என்று அந்த நேரத்து மூளை சொல்லியிருக்க வேண்டும். ஈரத்தின் மேல் அதைப் போட்டு, மேலே நானும் உட்கார்ந்துகொண்டு பங்காளிக்குப் போன் போட்டேன்.

"கரை ஊறுதுடா. ஒடனே வா."

"ஓம் பாகமா, எம் பாகமா?"

"எம் பாகந்தான்."

"அப்ப நீயே பாத்துக்க."

"மீனு ஓடிரும்னு கலிங்குல வலை கட்டி வச்சிருக்கயே, செத்தை அடைச்சுத் தண்ணி ஏறுது. அவுத்து விடவா?"

"ஏலே, எங் கலிங்கத் தொட்ட, நடக்குறதே வேற. இந்தா வாரேன்."

அதற்குள் கீழ்வீட்டு அக்கா வந்துவிட்டார். "தம்பி, தலகாணி போட்டு ஒக்காந்திருக்கீக. என்ன விசேசம்?"

"கரை ஒடையப் போகுதுக்கா. ஆடுகளோட வீரசோழன் ஊருக்குப் போற பஸ்ஸப் பிடிச்சுப் போயிருங்க."

"ஆட்டுக்கு டிக்கெட்டு நீங்க எடுப்பீகளா?" என்றவர், கொப்பளிப்பை ஒருமுறை குனிந்து பார்த்தார். அரிவாளோடு கலிங்குக்குப் போய் வலையை அறுத்தார்.

தண்ணீர் சீறிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கியது. கூடவே மீன்களும். அக்கா கூடையை வைத்து அள்ளிக்கொண்டிருந்தபோது பாளையம்பட்டியிலிருந்து பங்காளி பைக்கில் வந்து இறங்கினான்.

"அக்கா, அது எம் மீனு."

"சரி. மீனு கெடந்த தண்ணி?"

"எங்க தண்ணி."

"தண்ணிய நிப்பாட்டுன கரை?"

அவன் என்னைப் பார்த்தான். நான் எதையும் கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் பொதுவுதான்" என்றான், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் குரலில்.

"அப்ப ரெண்டு பேரும் சரளையக் கொண்டாந்து கொட்டி அடைங்க. அதுவரைக்கும் மீனு எங்கிட்ட இருக்கட்டும்."

கொட்டினோம், மிதித்தோம். மேலே தண்ணீர் இறங்க இறங்கக் கொப்பளிப்பும் அடங்கியது. நனைந்த தலையணையை அக்காவின் ஆடு ஒன்று மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போனது.

பாகம் பிரித்த பிறகு பங்காளி என் பாதியில் கால் வைத்தது அன்றுதான். முழங்கால் சேற்றில் நின்று மும்முரமாக மிதித்துக்கொண்டிருந்தான். அதைச் சொன்னால் சுதாரித்துக் கரையேறிவிடுவான். வாயை மூடிக்கொண்டு அடுத்த சரளைக் கூடையை நீட்டினேன்.