மடித்துத் தரச் சொன்ன சட்டைகள்

பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் பெட்டிக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான வருடத்திலிருந்து இஸ்திரிப் பெட்டி அவள் கையில்தான். கை மட்டும்தான் அங்கே. மனசு துறைமுகத்தில் கிடந்தது. ஒரே மகனைக் கட்டாய ராணுவத்தில் பிடித்து, அங்கே பீரங்கிக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். எதிரே கடலில் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள். பல வருடமாக நாட்டை ஆளும் தலைவர் பதவியை விட்டு இறங்காவிட்டால் சுடுவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்தன. முதல் குண்டு எங்கே விழும் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கப்பல்களை அனுப்பிய நாட்டின் தூதர்கள் ஓட்டலின் மேல்மாடியில் தங்கித் தலைவரின் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள், காபி குடித்தார்கள், மறுபடி பேசினார்கள்.

கீழே சலவைக் கூடத்தில் அதைவிட அதிகப் பேச்சு. மெஷின்காரர் கப்பல் கட்சி. "ரெண்டு குண்டு விழுந்தா போதும், அந்த ஆளு ராத்திரியோட ராத்திரியா ஓடிடுவான்" என்பார், குரலைத் தாழ்த்தி.

துணி பிரிக்கிறவர் பேச்சுக் கட்சி. "குண்டு போட்டா நம்மாளுங்கதான் சாவாங்க. அவன் பாதாள அறையில பத்திரமா உட்கார்ந்திருப்பான். பேசித்தான்யா இறக்கணும்."

"இத்தனை வருஷம் அசையாதவன் பேசினா எந்திரிச்சுப் போயிடுவானா? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

சண்டை முற்றினால் இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்புவார்கள். "பெட்டிக்காரம்மா, நீங்க எந்தக் கட்சி?"

"என் புள்ள வீட்டுக்கு வர்ற கட்சி."

தலைவர் மேல் அவளுக்கு எள்ளளவும் பாசம் கிடையாது. அவர் தொலைந்தால் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அவரை விரட்ட வருகிற குண்டு தன் மகன் தலையில் ஏன் விழ வேண்டும்? அதற்குப் பதில் சொல்ல எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை. அதனால் நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழத் தோன்றும். ஒரு காலர் பாக்கியில்லாமல் இரண்டு தடவை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்குகிறவர்களின் சட்டை ஹேங்கரில் மாட்டி மேலே போகும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பயணப் பெட்டிக்குள் வைக்க வசதியாக மடித்துத் தரச் சொல்வார்கள். இதுவரை தூதர்களின் சட்டைகள் ஹேங்கரில்தான் போயின. அன்று மதியம் அவர்களுடைய சலவைப் பைகள் மொத்தமும் கீழே இறங்கின. எல்லாவற்றையும் மடிக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும்.

மெஷின்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "மூட்டை கட்டறாங்க. பேச்சு முறிஞ்சுபோச்சு."

ஆசைப்பட்ட குண்டு வரப்போகிறது, மனுஷன் போய் ஜன்னலைச் சாத்தினார்.

அவள் கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடி மகனுக்கு போன் போட்டாள்.

"டேய், உடனே கிளம்பி வீட்டுக்கு வா."

"டியூட்டியில இருக்கேம்மா."

"தூதருங்க கிளம்பறாங்கடா. இன்னைக்கே சுடப் போறாங்க. என் கையாலதான் அவங்க துணிய மடிச்சேன்."

"சொல்லாம வந்தா என்ன செய்வாங்கன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"உசுரு இருந்தா மத்ததப் பாத்துக்கலாம். உங்கிட்ட நான் எதுக்காவது கெஞ்சியிருக்கேனா? இப்ப கெஞ்சறேன். வா."

அவள் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அதனால்தான் அவன் வந்தான்.

பொழுது சாயும்போது அவன் யாருடையதோ ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டின் பின்வாசல் வழியாக நுழைந்தான். சோறு போட்டாள், பிசைந்துகொண்டே இருந்தான். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அவள் ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். வெடிச்சத்தம் மட்டும் வரவில்லை.

வந்தது ஹாரன் சத்தம். தெருவே கூச்சல் போட்டது. டிவியைப் போட்டால், தலைவரும் தூதர்களும் சிரித்துக்கொண்டு கை குலுக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். துறைமுகத்தில் அந்த நாட்டுச் சரக்கு இறங்கலாம், தேர்தல் பிறகு ஒரு நாள் நடக்குமாம், கப்பல்கள் திரும்பிப் போகுமாம். தலைவர் நாற்காலியிலேயே இருப்பார். வேலை முடிந்தவனும்தான் மூட்டை கட்டுவான் என்பது அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்து தலைவர் பேசினார். இடத்தை விட்டு நகராத வீரர்களுக்கு நன்றியாம். ஓடியவர்களுக்கு மன்னிப்பே கிடையாதாம்.

"அம்மா, திரும்பிப் போயிடட்டுமா?"

சாயங்காலம் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுத்து, அவனை ஓடியவர்களில் சேர்த்திருப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். பக்கத்து மாடிகளில் ஜனங்கள் சந்தோஷத்தில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். கடலில் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கியிருந்தன. இந்த ஆள் பதவியில் இருக்கிற வரைக்கும் மகன் வாசலைத் தாண்ட முடியாது.

"போகாதீங்கடா" என்றாள், அடிக்குரலில். "சுட்டுட்டுப் போங்கடா."

மகன் நின்ற பீரங்கிக்குப் பக்கத்தில் இப்போது வேறொருத்தி பெற்ற பிள்ளை நின்றுகொண்டிருப்பான். அது தெரிந்துதான் சொன்னாள்.