தோற்றவர் நடக்க வேண்டும்

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடித்தால் எப்படியும் ஒரு முனை ஏமாற்றிவிடும். என் அத்தை அடிக்கடி இதைச் சொல்வாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தொரு வருடம் விரிப்பு மடித்தவள் அவள். அதில் இருபது வருடம் எதிர்முனையைப் பிடித்தது ஒரே ஆள். எல்லோருக்கும் அவள் விசில் அக்கா. இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஒரு விசில் அடித்தால், ஓடுகிற இயந்திரமே யோசித்துத்தான் மறுபடி ஓடும் என்பார்கள்.

அப்பா அம்மா இருவருக்கும் ஷிஃப்ட் வேலை என்பதால் நான் வளர்ந்தது அத்தை வீட்டில். அங்கிருந்த பழைய டிவியில் ஒரே ஒரு சேனல்தான் புள்ளி விழாமல் தெரியும். அதில் ஞாயிறு மாலை கால்பந்து. "எரியிற விளக்குலதானே படிக்கணும்" என்று அத்தை அதையே பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாம் வருடம் நடுவருக்கே பாடம் எடுத்தாள். விசில் அக்காவும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள். இருவருக்கும் ஒரே அணி, சிவப்புச் சட்டைக்காரர்கள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு கட்சி.

அத்தை பயிற்சியாளரின் கட்சி. கோடு பிசகாமல் கோட்டு போட்டுக்கொண்டு, யாராவது வந்து ஆரத்தி எடுக்கட்டும் என்பதுபோல மைதான ஓரத்தில் நிற்பதால் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள். விசில் அக்கா, குடுமி போட்ட முன்கள ஆட்டக்காரனின் கட்சி. அவன் பெயர் 'குதிரை'.

"உன் குதிரை பந்தை யாருக்காவது குடுத்திருக்கானாடி? பிறந்ததுலேருந்து பங்கு வச்சதே இல்லை போல."

"உன் மாப்பிள்ளை பதினோரு பேரையும் காவலுக்கு நிறுத்திட்டு வீட்டைத் திறக்கவே மாட்டாரு. கோல் என்ன தபால்லயா வரும்?"

இந்தச் சண்டை திங்கட்கிழமை சலவைக்கூடத்திலும் தொடரும். விரிப்பு சூடான உருளைக்கு நடுவில் புகுந்து தட்டையாக வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, முதலில் நீளவாக்கில் மடிப்பார்கள். பிறகு ஒருவர் நின்ற இடத்திலேயே கையை உயரத் தூக்கிக்கொள்ள வேண்டும். மற்றவர் முனைகளோடு அவரை நோக்கி நடந்து வர வேண்டும். தூக்காவிட்டால் நடுப்பகுதி தொங்கித் தரையைத் தொட்டுவிடும். தரை தொட்ட விரிப்பு மறுபடி சலவைக்குப் போகும்.

யார் நிற்பது, யார் நடப்பது? இதற்கு அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஞாயிறன்று குதிரை கோல் போட்டால், அந்த வாரம் முழுக்க அத்தை நடக்க வேண்டும். போடாவிட்டால் விசில் அக்கா. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்; நடப்பவர் தினம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார். குதிரை நன்றாக ஆடிய வருடங்களில் அத்தை இளைத்தாள்.

விசில் அக்காவுக்குக் குதிரை மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்பது அத்தைக்குத் தெரியும். அக்காவின் கணவர் இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்த ஞாயிறுகளில் மட்டும் அக்கா தன் வீட்டிலேயே அவரோடு ஆட்டம் பார்த்தாள். கடைசி நிமிடத்தில் குதிரை தலையால் முட்டி ஒரு கோல் போட்ட மாலை, கை அசைக்க முடியாதிருந்த மனுஷன் இரண்டு கையையும் சேர்த்து ஒரே ஒரு தட்டு தட்டினார். அடுத்த ஞாயிறு அவர் இல்லை.

நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். குதிரை இரண்டு கோல் போட்டான். அக்கா அடித்த விசிலில் மாடிவீட்டுக் குழந்தை அழுதது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளை அவனை வெளியே எடுத்தார். குதிரைக்குக் கோபம். சட்டையைக் கழற்றி, ஓரத்தில் கூடையோடு நின்ற ஆளின் முகத்தில் எறிந்தான். அணியின் துணிமணிகளைத் துவைத்து எடுத்துவைக்கும் வயதான ஆள் அவர். ஈரச் சட்டை முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுத்து, நான்காக மடித்து, கூடையில் வைத்தார்.

"மடிச்சு வைக்கிறாரு பாருடி" என்றாள் அத்தை.

கோப்பையை வாங்கியபோது அவள் கைதட்டவில்லை. பேட்டிக்கு மாப்பிள்ளை வருவார், நாலு வார்த்தை கண்டிப்பார் என்று காத்திருந்தாள். அவர் வந்தார். "நான் அதைப் பார்க்கவில்லை" என்றார். அவர் ஒரு கை தூரத்தில் நின்றதை, டிவியில் திரும்பத் திரும்பக் காட்டியதில், நாங்கள் மூன்று முறை பார்த்திருந்தோம்.

"ஆட்டச் சூட்டுல நடந்தது, விடு" என்றாள் அக்கா. "ரெண்டு கோல் போட்டவன்."

"சூடுன்னா தண்ணிய ஊத்திக்கட்டும். அந்த மனுஷன் மூஞ்சிதான் கிடைச்சுதா? குதிரை எறிஞ்சான், அது கோவம். என் ஆளு பார்த்துட்டே பார்க்கலைங்கிறாரு. அதுக்கு என்னடி பேரு?"

அப்போது நான் வாயைத் திறந்தேன். வகுப்பில் கேட்டது நாக்கு நுனியில் இருந்தது. "அத்தை, ஆளு வேற, ஆட்டம் வேறன்னு பிரிச்சுப் பார்க்கணும்."

அத்தை என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "சரி, பிரிச்சுட்டேன். சட்டை துவைக்கிறவரு இதுல எந்தப் பக்கம் வருவாரு?"

நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

சட்டப்படி அந்த வாரம் அத்தை நடக்க வேண்டும். திங்கட்கிழமை முதல் விரிப்பு வந்தது. நீளவாக்கில் மடித்தார்கள். அத்தை நின்ற இடத்திலேயே கையைத் தூக்கினாள். எதிரில் அக்காவும் தூக்கினாள். போலீஸிடம் சரணடைந்தவர்களைப் போல இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம். பின்னால் விரிப்புகள் குவிந்தன.

"நீதான் நடக்கணும்" என்றாள் அக்கா.

"அவனுக்காக ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

அன்றிலிருந்து ஆளுக்கொரு மேசையில் தனித்தனியாக மடித்தார்கள். விரிப்புகள் கோணல்மாணலாக வார்டுகளுக்குப் போயின. மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பி, "இது விரிப்பா, மந்திரவாதி முடிச்சா?" என்று கேட்டுவிட்டாள். சூப்பர்வைசர் இருவரையும் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சரிவரலைன்னா ஒருத்தரை அழுக்குத்துணி பிரிக்கிற பக்கம் மாத்திடுவேன்."

அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. சாப்பாட்டு நேரமும் வேறு, வாசலும் வேறு. பதினேழு வருடம் முகம் பார்த்து நின்றவர்கள் இனி பஸ்ஸில்கூடச் சந்திக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை மாலை அத்தை சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அவன் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கோன்னு நான் சொல்லலாம்" என்றாள் என்னைப் பார்க்காமல். "ஆனா அவ வீட்டுக்காரர் தட்டின தட்டைத் திருப்பிக் குடுன்னு சொல்ற மாதிரி ஆயிடுது."

மறுநாள் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அத்தை கண்ணாடியை மறந்து நான் பார்த்ததே இல்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சலவைக்கூடத்துக்குள் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அறைந்தன. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தையும் அக்காவும் விரிப்பைப் பிடித்திருந்தார்கள். இருவரும் தரையைப் பார்த்தார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு, அத்தை நடந்தாள்.

அதே நொடியில் அக்காவும் நடந்தாள்.

கையைத் தூக்க ஒருவரும் இல்லை. விரிப்பு நடுவில் தொங்கிச் சொத்தென்று ஈரத்தரையில் விழுந்தது. நடந்த வேகத்தில் இருவர் நெற்றியும் முட்டிக்கொண்டன.

"அய்யோ! ஏண்டி நீ வந்தே?" என்றாள் அத்தை.

"நீ ஏன் வந்தே? நான்தான் இந்த வாரம் நடக்கலாம்னு..."

"நீ எதுக்கு நடக்கணும்? அவன் ரெண்டு கோல் போட்டானே!"

"போட்டான். அந்த ஆளு சட்டைய மடிச்சப்போ எனக்கும் நம்ம வேலைதான் ஞாபகம் வந்துது. உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

"பதினேழு வருஷம் மடிச்சவங்க செய்யிற வேலையா இது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அக்காவும் சிரித்தாள். அந்த விரிப்பு மறுபடி சலவைக்குப் போனது. இருவரும் மடிக்கிற பக்கத்திலேயே இருந்தார்கள்.

அன்றிலிருந்து இருவரும் கையைத் தூக்கிக்கொண்டே ஆளுக்குப் பாதி தூரம் நடந்தார்கள். குதிரையைப் பற்றி அதற்குப் பிறகும் ஒத்துப்போகவில்லை. அவன் கோல் போட்டால் அக்கா விசிலடிப்பாள்; அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். மாப்பிள்ளை என்ற பெயரை மட்டும் அத்தை அத்தோடு விட்டுவிட்டாள். அதன் பிறகு அவர் வெறும் 'கோட்டு'.

இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். குதிரை வேறு அணிக்குப் போய், அங்கேயும் ஓய்ந்துவிட்டான். நான் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் அதிகாரி தரை துடைக்கும் அம்மாவை எல்லோர் முன்னாலும் திட்டினார். பிறகு விசாரணை வந்தபோது, "நான் கவனிக்கலை" என்று சொன்னேன். என் மேசை ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறது.

அதை அத்தையிடம் சொல்லத்தான் போன ஞாயிறு போனேன். கொடியிலிருந்து எடுத்த விரிப்பை அத்தையும் அக்காவும் கூடத்தில் மடித்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஏதோ பழைய ஆட்டம். குடுமி வைத்த ஒருவன் பந்தோடு ஓடினான். திரும்பிப் பார்க்காமலே இருவரும் கையை உயரத் தூக்கினார்கள். பிறகு மூட்டுவலியோடு, மெதுவாக, ஆளுக்குப் பாதி தூரம் நடந்து வந்தார்கள். விரிப்பு தரையைத் தொடவில்லை.

"என்னடா வாசல்லயே நிக்கிற?" என்றாள் அத்தை. "உள்ள வந்து சொல்லு."