மூன்று கிளப்பும் ஒரு கோல்கீப்பரும்

ஏழு வருடத்தில் திருவண்ணாமலையில் மூன்று தொழில்முறைக் கால்பந்து கிளப்புகள் தோன்றின. மூன்றுக்கும் கோல்கீப்பர் ஒருவரே, ஷேர் ஆட்டோ ஓட்டும் சகாதேவன். முதல் கிளப் ஜெர்சி தைத்து, போட்டோ எடுத்து, அதோடு உயிரை விட்டது. இரண்டாவது பாதி ஆட்டம் வரை தாக்குப்பிடித்தது. இடைவேளையில் முதலாளிகள் இருவரும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, ஆளுக்கொரு பந்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லாம் சகாதேவனின் ராசி என்று ஊரே சொன்னது. யாராவது கேட்டால்தான் ஊர் சொல்லும். அவர் மனைவி அருணாதேவி கேட்காமலே சொல்வார்.

முப்பத்தொன்பது வயதில் சகாதேவனுக்கு இருந்தது ஒரே ஆசை. தொழில்முறை ஆட்டக்காரராக ஒரு முழு ஆட்டம், தொண்ணூறு நிமிடம், ஆடிவிட வேண்டும். கப்பெல்லாம் யாருக்கு வேண்டும்?

மூன்றாவது கிளப்பின் முதலாளி கலையரசன் சென்னைக்காரர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது என்று கேள்விப்பட்டு, கப் போட்டியின் முதல் ஆட்டத்தை அன்றைக்கே வைத்தார். ஜனம் வந்தது, நேராக மலையைச் சுற்றப் போனது. வேங்கிக்கால் மைதானத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரில் பாதிப்பேர் கால்வலியால் சுற்ற முடியாதவர்கள். அன்றைக்கு வெளியூர் பஸ்ஸை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதும் கலையரசனுக்குத் தெரியாது. எதிரணி அவலூர்பேட்டை ரோட்டிலேயே மாட்டிக்கொண்டது.

அரை மணிக்குள் அவர்கள் வராவிட்டால் வெற்றி நமக்கு, அடுத்த சுற்றும் நமக்கு. கலையரசன் அப்போதே லட்டு கொடுத்துவிட்டார். சகாதேவன் தன் லட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளினார்; ஆட்டமே நடக்காவிட்டால் தொண்ணூறு நிமிடம் எங்கே? பாத்ரூம் போய் வருவதாகச் சொல்லிவிட்டு, கையுறையோடு ஆட்டோவில் ஏறினார். சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"ஏழு பேர் இருந்தா போதும், ஆட்டத்த நடத்திடலாம். ஏறுங்க," என்றார் எதிரணிக் கேப்டனிடம்.

"நீங்க யாருங்க?"

"நீங்க யாரத் தாண்டி கோல் போடப் போறீங்களோ, அந்த ஆளு."

மடியில் இருவர், பின்னால் தொற்றிக்கொண்டு ஒருவர் என்று ஏழு பேரும் வந்து சேர்ந்தபோது இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது.

அந்த ஏழு பேர் நம் பதினொரு பேரையும் ஓடவிட்டு நாலு கோல் போட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் சகாதேவன் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். கடைசி விசில் ஊதியதும் அழுதேவிட்டார்.

கலையரசன் அங்கேயே கிளப்பை இழுத்து மூடினார். "எவன்யா அவனுங்கள இட்டாந்தது?"

"நான்தாங்க," என்றார் சகாதேவன். "இருங்க, அவங்கள பஸ்ல வுட்டுட்டு வந்துடறேன். அப்புறமா திட்டுங்க."

திரும்பும் வழியில் எதிரணிக் கேப்டன் அவர் தோளைத் தட்டினார். "நல்லா புடிச்சீங்கண்ணா."

அன்று அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

சகாதேவன் ஆட்டோவை ஓரங்கட்டினார். "இன்னொருவாட்டி சொல்லுங்க," என்றார்.