மிஷினுக்குக் கை கொடுத்தவர்கள்

எக்ஸ்ரே அறை வேலையைச் சுத்தமான வேலை என்பார்கள்: ரத்தம் இல்லை, ஊசி இல்லை, வலிகூட இல்லை. ஆஸ்பத்திரிகளில் ஆயாவாக இடுப்பொடிந்த சகோதரிகளே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் எனக்கு ஆயா வேலை கிடைத்தபோது, பெருமாளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் தினமும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறுவேன்.

காலை வழக்கம்

காலையில் மிஷினுக்கு நான் குங்குமப் பொட்டு வைப்பேன். படம் எடுக்கும் சேவியர் தம்பி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்து, மிஷினுக்கும் அதன் ஒளிரும் திரைக்கும் நடுவே தன் இடது கையை நீட்டுவார். விரல் எலும்புகள் பச்சையாகத் தெரிந்தால் மிஷின் சரியாக இருக்கிறதென்று அர்த்தம். முதல் நாள் அதைப் பார்த்து "ரங்கா!" என்று அலறிவிட்டேன். அவர் சிரித்தார்: "பயப்படாதீங்கக்கா, வெறும் வெளிச்சந்தான். சுடக்கூடச் சுடாது."

இன்னொரு தடவை

மணப்பாறையிலிருந்து வந்த ஓர் அம்மாள், நெஞ்சுப் படம் எடுத்த பிறகும் இடத்தை விட்டு நகரவில்லை. எக்ஸ்ரேயே வைத்தியம் என்று நினைத்துவிட்டார். "இருமல் பாதி இறங்கிருச்சு தாயி. முதுகுப் பக்கமும் கொஞ்சம் காட்டிவிடச் சொல்லேன்."

ஊக்கு முழுங்கிய பிள்ளை

வையம்பட்டிக் குழந்தை ஒன்று ஊக்கை முழுங்கிவிட்டது. துள்ளுகிற பிள்ளையை யார் பிடிப்பது? நான்தான், எப்போதும் நான்தான். ஈயக் கவசம் ஒன்று ஆணியில் தொங்கும். அந்தக் கனத்துக்குப் பயந்து யாரும் போடுவதில்லை. பிள்ளை அசைய அசையப் படம் கலங்கியது. திரும்பத் திரும்ப எடுத்தோம். ஊக்கு மூடியபடியே வயிற்றில் இருந்தது, நல்லவேளை. வாசலில் நின்ற தாய் என்னைத் தனியே இழுத்துக் கேட்டாள்: "இது ஒண்ணும் செய்யாதுன்னா, அந்தத் தம்பி மட்டும் ஏன் அந்தத் தடுப்புப் பலகைக்குப் பின்னால போயி நின்னாரு?"

ஆறாத புண்

சில வருஷத்தில் சேவியரின் இடது கை நகங்கள் கறுத்து வெடித்தன. ஆள்காட்டி விரலில் ஒரு புண். மஞ்சள் பூசினேன், வேண்டிக்கொண்டேன், ஆறவில்லை. படம் கழுவும் மருந்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே இருவரும் நம்பினோம்.

மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த டாக்டர், ஒரு காலையில் சேவியர் திரைமுன் கை நீட்டுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "தினமுமா?" என்றார். ஜன்னலருகே இழுத்துப் போய் விரலைப் பார்த்தார். புற்று. விரலை எடுத்துவிட்டார்கள். சுடாத வெளிச்சமா சதையைத் தின்றது?

கட்டுப்போட்ட கையோடு வந்தவரைப் பார்த்து அழுதேன். அவர் என் கையைப் பார்த்தார்: "எனக்காக அழுதது போதும்க்கா. பிள்ளைங்களைப் பிடிச்ச கை உங்களுதுதானே? வாங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்."

ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, என் பிள்ளைகளும் தலையெடுத்துவிட்டார்கள் என்றாலும், சன்னதியில் கை கூப்பினால் பெருமாளுக்கும் முன்னால், கறுத்திருக்கின்றனவா என்று என் நகங்களைத்தான் முதலில் சேவிக்கிறேன்.