துரை மீன் மூன்று

"ஆகஸ்டு 9. பங்களாவுக்கு வந்தது துரை மீன் மூன்று. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன்."

குறிப்பு இவ்வளவுதான். கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. மேல் மூலையைப் பூச்சி அரித்துவிட்டதால் ஆண்டு இல்லை. தோட்ட அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, எரிப்பதற்காகக் கொட்டி வைத்திருந்த குப்பையிலிருந்து அதை எடுத்தேன். அந்த அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாளின் பின்பக்கத்தில் முட்டை, ரொட்டி, வெண்ணெய் என்று ஒரு பட்டியல் இருந்தது. எழுதியவர் துரை பங்களாவின் சமையல்காரர் என்பது அதிலிருந்து தெரிந்தது.

துரை மீன் என்றால் டிரவுட் என்று முடிவு செய்தது நான். குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் அந்தப் புள்ளி மீனின் குஞ்சுகளை வெள்ளைக்காரர்கள் கேமரன் மலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். துரை கொண்டுவந்த மீன், அதனால் துரை மீன். பொருத்தமாகத்தான் இருந்தது. எங்கள் கோயில் திருவிழா மலருக்குத் தோட்டத்தின் பழைய செய்திகளை ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பேன். சென்ற மலரில், "நம் தோட்டத்துக்கு மேலே காட்டிலிருந்து இறங்கும் ஆற்றில் டிரவுட் வாழ்ந்தது, மேல் மடுக்களில் இன்றும் இருக்கலாம்" என்று எழுதினேன். 'வாழ்ந்தது' என்பதற்கு அந்த ஒரு தாள் ஆதாரம். 'இருக்கலாம்' என்பதற்கு ஒன்றும் இல்லை. பத்தி அழகாக முடியட்டும் என்று சேர்த்தது.

மலரை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. விளம்பரப் பக்கத்தில் தங்கள் படம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவார்கள். என் தங்கை மாப்பிள்ளை படித்தார்.

அவர்கள் வீடு லெம்பா பெர்த்தாமில். மாப்பிள்ளையிடம் சொந்தமாக ஒரு லோரி. கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவார், வெறும் கூடைகளோடு திரும்பி வருவார். பழைய லோரி மண்வெள்ளத்தில் போன பிறகு வாங்கிய வண்டி அது. இரண்டு வருடமாக அவருக்கு இடுப்பு வலி. லோரியை விற்றுவிட்டு, ஆற்றோரம் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களை டிரவுட் பிடிக்க அழைத்துப் போவது என்று தீர்மானித்துவிட்டார். கோலா தெர்லாவில் ஒருவர் லோரியைக் கேட்டிருந்தார். ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து முடிப்பதாகப் பேச்சு.

ஜூன் 2 அன்று காலை தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நீ மலர்ல எழுதினது நெசந்தானே?"

"ஏன் கேக்குற?"

"இவரு உன் பக்கத்த போட்டோ புடிச்சு போன்ல வச்சிக்கிட்டு ஊரெல்லாம் காட்டுறாரு. லோரி போச்சுன்னா திரும்ப வாங்க முடியாதுண்ணே. ரெண்டு புள்ளைங்க காலேஜுல இருக்கு. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு ஒரே பேச்சு. நீயும் ஒரு வார்த்த சொல்லிடு, நான் வாய மூடிக்கிறேன்."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. தாளை எடுத்துப் படித்தேன், உறையில் வைத்தேன், மறுபடி எடுத்தேன். வாசலுக்குப் போய்க் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அன்று காலை அதைத் திறப்பது இரண்டாவது முறை. இருபதாம் தேதிக்கு ஏழு வாரம் இருந்தது. அதற்குள் ஒரு மீனாவது கையில் வந்தால் நான் எழுதியது உண்மையாகிவிடும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

நான் படித்த மீன்பிடிப் புத்தகங்களில் எல்லாம் கோடைக்காலம் என்று ஒன்று வரும். எங்களுக்கு அது கிடையாது. ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம் குறைந்து ஆறு தெளியும், அதையே கோடையாக வைத்துக்கொண்டோம். மாப்பிள்ளை ஏற்கெனவே இரண்டு தூண்டில் கோல்களைப் போனிலேயே தேடி வாங்கியிருந்தார். டிரவுட் பிடிக்கும் முறையில் புழு கிடையாது. கோழி இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈயைப் போல் கட்டிய ஒரு பொய்ப் பூச்சிதான். என் தங்கை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஈயையா காசு குடுத்து வாங்கினீங்க? நம்ம கோழி எருவுல மொய்க்கிறது பத்தலயா?" என்றாள்.

அந்தப் பூச்சிக்கு எடையே இல்லை. எடையெல்லாம் கயிற்றில். கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுவதும் முதுகுக்குப் பின்னால் நீளும்வரை நின்று, அதன் பிறகே முன்னால் வீச வேண்டும். நிற்க வேண்டியது ஒரு நொடிக்கும் குறைவுதான். அது என்னால் முடியவில்லை. கயிறு நீள்வதற்குள் கை முன்னால் போய்விடும். ஜூன் 8 அன்று தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் இருவரும் பழகினோம். மாப்பிள்ளைக்குப் பத்து வீச்சில் வந்துவிட்டது. என் முள் பத்துக்கு ஏழு முறை பின்னால் இருந்த தேயிலைச் செடியில் மாட்டியது.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவியாக இருந்த அம்மா, கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கிராணி அய்யா, மீனு ஆத்துல இருக்கு லா. இங்க கொழுந்துதான் இருக்கு."

"பழகுறோம்மா."

"பழகுங்க, பழகுங்க. அறுத்த கொழுந்த கீழ போடாம கூடையில போட்டுட்டுப் போங்க. எங்க நிறுவையில சேர்ந்துக்கும்."

"இவரு எடுக்குறது முத்தின எல அக்கா, கழிச்சுப் போடுவாங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். மேடு முழுக்கச் சிரிப்பு.

மாப்பிள்ளைக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. ஜூன் 15, 22, 29 மூன்று ஞாயிறும் போனோம். தேயிலை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, ஆற்றோரமாகவே ஏறுவோம். ஒவ்வொரு மடுவிலும் வெப்பமானியைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்து எழுதினேன். பதினெட்டு, பதினெட்டு, பதினேழரை. டிரவுட் தாங்கக்கூடிய சூடுதான். 22ஆம் தேதி காட்டுக்குள் மழை பெய்து ஆறு தேநீர் நிறத்தில் வந்தது, எதுவும் கடிக்கவில்லை. மற்ற இரண்டு நாளும் சேர்த்துப் பதினொரு மீன். எல்லாமே மலாய்க்காரர்கள் தெங்காஸ் என்று சொல்லும் உள்ளூர் மீன். பெரிய செதில், வெள்ளி நிறம், புள்ளி கிடையாது. ஒவ்வொன்றையும் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க மச்சான், அதுக்கு மூச்சு முட்டுது. இது இருக்குற எடத்துல அதுவும் இருக்கும்."

"அப்படின்னு எந்தப் புத்தகத்துல இருக்கு மாப்ள?"

"உங்க மலர்லதான்."

நான் மீனைத் தண்ணீரில் விட்டேன்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் எனக்கு ஓடவில்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகம் நாற்பதாம் பக்கத்தில் நின்றது. இருபதாம் தேதியை நாள்காட்டியில் நான் சுழிக்கவில்லை, ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அதில்தான் விழுந்தது.

ஜூலை 6 அன்று அதுவரை போகாத உயரத்துக்குப் போனோம். பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து, அதன் பின்னால் தண்ணீர் கறுப்பாகத் தேங்கியிருந்தது. மாப்பிள்ளை மரத்தின் மேல் ஏறி நின்று வீசினார். நான் கரையில் குனிந்து, கணுக்காலில் ஏறியிருந்த அட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். "மச்சான்!" என்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவருடைய கோல் வில்லாக வளைந்திருந்தது. தண்ணீர் ஓரிடத்தில் வெடித்தது. கோல் நிமிர்ந்துவிட்டது. கயிற்றின் நுனி அறுந்து காற்றில் ஆடியது.

"பாத்தீங்களா? புள்ளி! பக்கமெல்லாம் புள்ளி மச்சான்! பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்" என்றேன். பிறகு, "தண்ணி தெறிச்சத" என்றேன். அதை அவர் கேட்கவில்லை, அல்லது நான் கேட்கும்படி சொல்லவில்லை.

அன்றைய குறிப்பில், "பெரிய மீன் ஒன்று தப்பியது. பதினேழு டிகிரி" என்பது வரை எழுதினேன். புள்ளியைப் பற்றி எழுதவில்லை. கண்டது அவர், நோட்டு என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் பேனா நின்றது.

அதற்குப் பிறகாவது அந்தத் தாளின் ஆண்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆண்டு தெரிந்தால், மீன் எவ்வளவு காலம் இந்த ஆற்றில் பிழைத்திருக்கிறது என்று சொல்லலாம். பழைய பங்களாச் சமையல்காரரைப் பற்றி நாலைந்து பேரிடம் விசாரித்தேன். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், அந்தச் சமையல்காரரின் மகள் கோலா தெர்லாவில் சாலையோரம் காய்கறியும் பூவும் விற்கிறார் என்று சொன்னார். ஜூலை 12, சனிக்கிழமை போனேன். எழுபது வயதை ஒட்டிய அம்மா. தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கப்பா எழுத்துதான்யா. ஒம்போத இப்படித்தான் வால நீட்டிப் போடுவாரு. இது எங்க கெடந்துச்சு?"

சொன்னேன். "இது எந்த வருஷமா இருக்கும்மா?"

"எனக்கு என்னா தெரியும்? அப்ப நான் பாவாட கட்டுன புள்ள."

"சரி, இந்தத் துரை மீனு, அது டிரவுட்டுதானே?"

"அது என்னாது?"

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட புள்ளி மீன் என்று விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"துரை புடிச்சா துரை மீனு. கங்காணி புடிச்சா கங்காணி மீனு. எங்கப்பா புடிச்சா வெறும் மீனு. எல்லாம் ஒரே ஆத்து மீனுதான்யா. குசினியில எது யாருக்குன்னு தெரியணும்ல? துரையோடத கங்காணிக்குப் பொரிச்சு வச்சா எங்கப்பா வேல போயிடும் லா."

"அந்த மீனுல புள்ளி இருந்துச்சா, ஞாபகம் இருக்கா?"

"மேல எலுமிச்சங்கா வெட்டி அடுக்கியிருப்பாங்க. அதுக்குக் கீழ என்னா இருந்துச்சுன்னு எங்களுக்கு யாரு காட்டுனா? நல்ல கோஸு இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

இரண்டு கோஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முப்பது ஆண்டுகள் கிராணி வேலை பார்த்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். துரை பாதை, துரை குதிரை லாயம், கிராணி வீட்டுப் பலாமரம் என்று யாருடையது என்பதைச் சொல்லித்தான் எங்கள் தோட்டத்தில் எதற்கும் பேர். அந்தப் பேரை நான் ஒரு மீன் வகையின் பேராக்கி அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

அன்றே மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் 13ஆம் தேதி, காய்ச்சல் என்று சொல்லி ஆற்றுக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. 15ஆம் தேதி லெம்பா பெர்த்தாம் வரை காரை ஓட்டிக்கொண்டு போய், அவர்கள் வீட்டுத் திருப்பத்தில் லோரியின் பின்பக்கம் தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டேன். 17ஆம் தேதியும் அப்படியே. அவர் புள்ளியைப் பார்த்திருக்கிறார் அல்லவா, அப்படியானால் நான் எழுதியது எப்படியோ சரிதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் அது தாங்கியது.

20ஆம் தேதி காலை எட்டரைக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை குழாயைப் பிடித்து லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். லோரியைக் கேட்டவர் இன்னும் வரவில்லை.

"மாப்ள, நான் மலர்ல எழுதினது தப்பு."

"எது?"

"துரை மீனு. தாளுல டிரவுட்டுன்னு இல்ல, அது நான் வச்ச பேரு. துரை புடிச்சா எந்த மீனுக்கும் அதான் பேராம். எழுதினவரோட மக சொன்னாங்க."

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஒரே டயரின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"எப்ப சொன்னாங்க?"

"பன்னெண்டாந் தேதி."

"இன்னிக்கு இருவது."

"ஆமா."

"தேதியெல்லாம் சரியாத்தான் சொல்றீங்க."

தங்கை கதவருகே வந்து நின்றாள்.

"அப்ப நான் பாத்த புள்ளி?" என்றார் மாப்பிள்ளை.

"எனக்குத் தெரியல மாப்ள. நான் பாக்கல."

"பாத்தேன்னீங்களே."

"தண்ணி தெறிச்சதத்தான்."

அவர் குழாயைக் கீழே போட்டார். "வீட்டுக்குப் போங்க மச்சான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் போனேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. லோரி மட்டும் கோஸ் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. ஓட்டியது அவர்தான், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு. பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தபோது, அவரே ஆரம்பித்தார். "நீங்க அன்னிக்குத் திரும்பினதும் லோரி கேட்டவருக்குப் போன் போட்டு வேணாம்னுட்டேன் மச்சான். அந்த அளவுக்கு உங்கள நம்புறேன், பாத்துக்குங்க" என்று சொல்லி என் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்தார்.

தங்கை சொல்வது வேறு. லோரியைக் கேட்டவர் முந்தின நாளே, சனிக்கிழமை சாயங்காலமே, வேறு வண்டி அமைந்துவிட்டது என்று போனில் சொல்லிவிட்டாராம். "நீ வந்து சொன்னதுல ஒன்னும் மாறலண்ணே, மனச போட்டுக் கொழப்பிக்காத" என்றாள். அப்படியானால் ஞாயிறு காலையில் லோரியை எதற்குக் கழுவினார் என்று கேட்டேன். "எல்லா ஞாயித்துக்கெழமையும் ஆத்துக்குப் போறதுக்கு முந்தி கழுவுவாரே" என்றாள். அது உண்மைதான். அவர் ஆற்றுக்கு வந்த நாட்களில், தண்ணீரில் இறங்கும் முன்பே கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இருவரில் ஒருவர் நான் நோகக் கூடாது என்பதற்காகவோ, தான் விட்டுக் கொடுத்ததாகக் காட்டிக்கொள்வதற்காகவோ, நடக்காததைச் சொல்கிறார். கோலா தெர்லாக்காரரின் எண் என்னிடம் இருக்கிறது. கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்டால் இருவரில் ஒருவரைப் பொய்யராக்கி என் நோட்டில் எழுத வேண்டியிருக்கும். இதுவரை மூன்று முறை எண்ணைத் தட்டி அழித்திருக்கிறேன்.

லோரி விற்காமல் நின்றது ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன சொல்லாலா, சனிக்கிழமை வந்ததாகச் சொல்லப்படும் போனாலா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.